கடைசி அணுவுக்குப் ‘பாதி’ என்றால் என்ன?

#1 · காமா கேமரா · ஞாயிறு இரவு 10:12

வேலை நியூக்ளியர் மெடிசின். காலையில ஆறரைக்குப் போய் மோலி ஜெனரேட்டரைக் கறந்து (மோலின்னா மாலிப்டினம், அது சிதைஞ்சுதான் டெக்னீசியம் ஆகும்; கறக்கிறது எங்க பேச்சுல மில்க்கிங்), வர்ற டெக்னீசியம்-99எம்மை டோஸ் கேலிப்ரேட்டர்ல வெச்சு அளந்து, ஆளாளுக்குப் பிரிச்சு ஊசியில ஏத்தணும். அரை ஆயுள், அதாவது இருக்கிற அணுக்கள்ல பாதி சிதைய ஆகிற நேரம், 6 மணி. காலை ஏழு மணிக்கு 740 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கிற அலகு) இருந்தா மதியம் ஒரு மணிக்கு 370, ராத்திரி ஏழுக்கு 185. பதினோரு வருஷமா இந்தக் கணக்கு ஒருநாளும் காலை வாரினதில்ல.

போன வாரம் ட்ரெய்னியா வந்த பொண்ணு கேட்டா: "அக்கா, ஒரே ஒரு அணு மட்டும் இருந்தா? ஆறு மணி நேரத்துல அது பாதி ஆயிடுமா?" சிரிச்சுக்கிட்டே, "பாதி ஆகாது, சிதையறதுக்குப் பாதி வாய்ப்பு"ன்னேன். "வாய்ப்புன்னா?"ன்னா. "ரெண்டு அணு இருந்தா ஒண்ணு..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டேன். ரெண்டு இருந்தா ரெண்டும் போகலாம், ரெண்டும் அப்படியே நிக்கவும் செய்யலாம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 740 மெகாபெக்கரல்னா ஏறக்குறைய 23 லட்சம் கோடி அணு. எடை, ஒரு கிராமை நூறு கோடியாப் பிரிச்சா அதுல நாலு பங்கு. ஆறு மணிக்கொரு தடவை பாதியாக்கிக்கிட்டே போனா பதினோராம் நாள் வாக்குல சராசரியா ஒரு அணு மிஞ்சும். அந்தக் கடைசி அணுவைப் பார்த்து "உனக்குப் பாதி"ன்னு சொல்றேனே, அந்தப் பாதி எங்க இருக்கு? அணுவுக்குள்ளயா, என் தலைக்குள்ளயா?

விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அவ நாளைக்கும் கேப்பா.

#2 · ஓரமா நிக்கிறேன் · ஞாயிறு இரவு 10:20

ஒரே ஒரு அணுவை ஊசியில ஏத்தினா பில் எவ்வளவு வரும்?

#3 · சீட்டுக்கட்டு · ஞாயிறு இரவு 11:05

நான் ஆக்சுவரி, இன்சூரன்ஸுக்கு ஆயுள் கணக்குப் போடறவன். பொழப்பே இதுதான், அதனால நேராச் சொல்லிடறேன்: கடைசி அணுவுக்கு நிகழ்தகவு கிடையாது. கேள்வியே தப்பு.

நாப்பது வயசு ஆள் ஒருத்தர் அடுத்த வருஷத்துக்குள்ள சாக வாய்ப்பு இவ்வளவுன்னு எங்க அட்டவணை சொல்லுது. அது அந்த ஆளைப் பத்தின சேதி இல்ல, அவர் நிக்கிற கும்பலைப் பத்தின சேதி. அவரையே பீடி குடிக்கிறவங்க கும்பல்ல நிறுத்தினா ஒரு எண் வரும். தினமும் நடைப்பயிற்சி போறவங்க கும்பல்ல நிறுத்தினா வேற எண். ரெண்டுல எது "அவரோட" எண்? ரிச்சர்ட் ஃபான் மீசஸ் 1928ல எழுதின புத்தகத்துலயே இதை அடிச்சுச் சொல்லிட்டார். அவர் எடுத்துக்கிட்ட உதாரணமும் ஆயுள் காப்பீடுதான். தனி ஆளோட சாவுக்கு நிகழ்தகவுன்னு பேசறதுல பொருளே இல்லைன்னார். முதல்ல கும்பல் வேணும், அப்புறம்தான் நிகழ்தகவு.

23 லட்சம் கோடிக்குப் பாதி உண்டு. ஒண்ணுக்குக் கிடையாது. ட்ரெய்னிகிட்ட அதைச் சொல்லிடுங்க.

#4 · காமா கேமரா · திங்கள் மாலை 7:48

சார், கும்பல் கணக்கு எனக்கும் பழக்கம்தான். ஒரு இடம் இடிக்குது. மனுஷங்களை பீடி, நடை, சர்க்கரைன்னு பிரிச்சுக்கிட்டே போகலாம். டெக்னீசியத்தை எப்படிப் பிரிப்பீங்க? பீடி குடிக்கிற டெக்னீசியம்னு ஒண்ணு இருக்கா? நேத்து ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடிச்ச அணுவுக்கும் இப்பத்தான் பிறந்த அணுவுக்கும் அடுத்த ஆறு மணி நேரத்துக்கு அதே பாதிதான். அதுக்கு வயசே ஆகாது. பிரிக்க வழியே இல்லாத கும்பல்னா, கும்பலோட எண்ணையே ஒவ்வொண்ணோட எண்ணுன்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?

#5 · மேசைவிளக்கு · திங்கள் இரவு 9:30

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அம்மணி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1902இல் மான்ட்ரியலில் ரூதர்ஃபோர்டும் சாடியும் சிதைவு விதியை எழுதியபோது அது கும்பலுக்கான விதியாகத்தான் இருந்தது. தனி அணுவைப் பற்றி அதில் பேச்சில்லை. 1905இல் ஷ்வைட்லர், இது உண்மையிலேயே தற்செயல் விளையாட்டு என்றால் எண்ணிக்கை வழவழவென்று குறையக்கூடாது, அதில் நடுக்கம் தெரியவேண்டும் என்றார். 1910இல் ரூதர்ஃபோர்டும் கைகரும் பொலோனியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை, ஏழரை விநாடிக்கு ஒரு கணக்காக, 2,608 முறை எண்ணினார்கள். சராசரி 3.87. ஆனால் சில ஏழரை விநாடியில் ஒன்றும் வரவில்லை, சிலவற்றில் பத்து வந்தது. அந்தச் சிதறல், பேட்மன் போட்டுக் கொடுத்த கணிதத்தோடு அழகாகப் பொருந்தியது. தற்செயலுக்கும் ஒரு முகவெட்டு உண்டு, அதுதான் இது.

1916இல் ஐன்ஸ்டைன், அணு தானாக ஒளியை உமிழ்வதற்கும் இதே வடிவ விதியை எழுதினார். எழுதிய கையோடு, உமிழ்வின் நேரத்தையும் திசையையும் தற்செயலிடம் விட்டுவிடுவது தன் கோட்பாட்டின் பலவீனம் என்றும் ஒப்புக்கொண்டார். ‘கடவுள் பகடை ஆடுவதில்லை’ என்ற அவருடைய பேச்சுக்குப் பத்து ஆண்டு முன்பே அவருக்கு அந்த உறுத்தல் இருந்திருக்கிறது.

இனி, சீட்டுக்கட்டு அவர்களுக்கு. 1928இல் காமோவும், தனியாக கர்னியும் காண்டனும், ஆல்ஃபா துகள் கருவின் ஆற்றல் சுவரை ஊடுருவும் வீதத்தைக் கணக்கிட்டார்கள். பொலோனியம்-212க்கு அரை ஆயுள் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. தோரியம்-232க்கு 1,400 கோடி ஆண்டு. வெளிவரும் ஆல்ஃபாவின் ஆற்றலில் வித்தியாசமோ இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய இடைவெளி, சுவரின் உயரத்தையும் தடிமனையும் வைத்தே விளங்கிவிட்டது. எந்தக் கும்பலையும் எண்ணாமல், ஒரு கரு, ஒரு சுவர், ஒரு சமன்பாடு என்று வைத்துக்கொண்டு வருகிற எண் அது. பிஸ்மத்-209 நிலையானது என்று நாங்கள் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். 2003இல் பிரான்சில் அது சிதைவதைப் பார்த்தே விட்டார்கள். அரை ஆயுள், பிரபஞ்சத்தின் வயதைப்போல நூறு கோடி மடங்குக்கும் மேல். அது சிதையவேண்டும் என்பதோ பார்ப்பதற்கு முன்பே கணக்கில் இருந்தது. எண்ணிக்கைதான் நிகழ்தகவு என்றால், எண்ணுவதற்கு முன்னால் கணக்குப் போட்டோமே, அது எதன் கணக்கு?

#6 · சீட்டுக்கட்டு · திங்கள் இரவு 9:52

கணக்கு சரியா தப்பான்னு எதை வெச்சுப் பார்த்தீங்க ஐயா? எண்ணித்தானே?

#7 · மேசைவிளக்கு · திங்கள் இரவு 10:01

எண்ணித்தான். காய்ச்சலையும் தெர்மாமீட்டரை வைத்துத்தான் பார்க்கிறோம். அதற்காகப் பாதரச மட்டமே காய்ச்சல் ஆகிவிடுமா?

#8 · குறுக்குச்சால் · செவ்வாய் அதிகாலை 1:15

ஆராய்ச்சி மாணவன். தூக்கம் வராம இதைப் படிச்சது தப்பாப் போச்சு.

அக்கா, "அதுக்கு வயசே ஆகாது" என்பதை வெச்சு "அப்ப உள்ள ஒண்ணுமில்ல, வெறும் தற்செயல்"னு நிறையப் பேர் தாவிடறாங்க. அந்தத் தாவல் செல்லாது. ஒவ்வொரு அணுவும் பிறக்கும்போதே அதுக்குள்ள ஒரு அலாரம் வெச்சாச்சுன்னு வெச்சுக்கங்க. ஒண்ணுக்கு ரெண்டு மணி நேரம், ஒண்ணுக்கு பத்தொன்பது, ஒண்ணுக்கு நாலு நிமிஷம். அலாரங்களோட மொத்தப் பரவல் மட்டும் நீங்க அளக்கிற வளைகோட்டோட ஒத்துப்போகணும். வெளிய இருந்து பாக்கிற உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மிஞ்சின அணுவுக்கு எப்பவும் பாதிதான், ஏன்னா அலாரம் என்னன்னு உங்களுக்குத் தெரியாது. இதுல தற்செயல் துளியும் கிடையாது. பாதி உங்க அறியாமையோட அளவு. 1814ல லாப்லாஸ் சொன்னதும் இதுதான்: எல்லாத்தையும் அறிஞ்ச ஒரு அறிவுக்கு நிச்சயமில்லாதது எதுவுமே இருக்காது.

சும்மா கற்பனைன்னு தள்ளிடவும் முடியாது. டேவிட் போம் 1952ல இதைக் கோட்பாடாவே கட்டிக் காட்டினார். அதுல துகளுக்கு எப்பவும் ஒரு இடம் உண்டு. அலை அதை வழிநடத்தும். ஆல்ஃபா எப்ப வெளிய வரும்ங்கிறது ஆரம்பத்துல அது கருவுக்குள்ள எந்தப் புள்ளியில இருந்ததுங்கிறதைப் பொறுத்தது. அந்தப் புள்ளி நமக்குத் தெரியாது. கணிப்புகள் எல்லாம் வழக்கமான குவாண்டம் கணிப்பேதான். ஒரு எண்கூட மாறாது.

#9 · மேசைவிளக்கு · செவ்வாய் காலை 6:40

தம்பி, பெல்லை விட்டுவிட்டீர்களே. 1964இல் ஜான் பெல் காட்டியது: பிறக்கும்போதே பையில் போட்டுக்கொடுத்த சீட்டை வைத்து, தூரத்திலுள்ள துகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒவ்வொரு துகளும் நடந்துகொள்கிறது என்றால், இரட்டைத் துகள்களின் ஒத்திசைவை அளக்கும் ஒரு குறிப்பிட்ட எண் 2ஐத் தாண்டாது. குவாண்டம் இயற்பியல் 2.83 வரை போகலாம் என்கிறது. 1972இல் கிளவுசரும் ஃப்ரீட்மனும், 1982இல் ஆஸ்பேவும், 2015இல் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளி வைத்தும் பார்த்துவிட்டார்கள். பெல் போட்ட வரம்பு ஒவ்வொரு முறையும் மீறப்பட்டது. 2022 நோபல் பரிசும் கொடுத்தாயிற்று. அலாரம் கதை முடிந்தது.

#10 · குறுக்குச்சால் · செவ்வாய் காலை 11:20

முடிஞ்சது அக்கம்பக்கத்தோட மட்டும் பேசற அலாரம்தான் சார். போம் கோட்பாட்டுல துகள்கள் தூரத்தைப் பார்க்காம ஒண்ணையொண்ணு பாதிக்கும். அதனால பெல் அதைத் தொடவே இல்ல. பெல்லுக்கே போம் கோட்பாடு பிடிச்சிருந்தது, பாடப்புத்தகங்கள் ஏன் அதைச் சொல்லித் தர்றதில்லைன்னு ஆதங்கப்பட்டு எழுதியிருக்கார். "கடவுள் பகடை ஆடறார்னு பெல் நிரூபிச்சிட்டார்"னு பத்திரிகைகள்ல வர்றதெல்லாம் பாதி வெந்த சோறு. தற்செயலைக் கைவிடணும்னா இடம்சார்ந்த காரணத்தைக் கைவிடணும், அந்த விலையைக் கொடுக்கத் தயாரான்னு கேக்கறார் பெல். நான் தயார். நீங்க தயாரில்ல. அவ்வளவுதான்.

#11 · ஓரமா நிக்கிறேன் · செவ்வாய் பகல் 12:02

எல்லாம் நம்ம அறியாமைன்னு சொல்ற தம்பிக்கு ஒரு சந்தேகம். டபராவுல இருக்கிற காபி ஆறுதே, யாருக்கு என்ன தெரியாததால ஆறுது? எல்லாம் தெரிஞ்ச லாப்லாஸ் பூதம் வந்து பக்கத்துல உக்காந்தா சூடாவே இருக்குமா?

#12 · பனங்கொட்டை · செவ்வாய் இரவு 8:45

ஓரமா நிக்கிறவர் பகிடியாக் கேட்டாலும் இதுதான் இந்த இழையின்ர முக்கியமான கேள்வி எண்டு நினைக்கிறன். நான் யாழ்ப்பாணத்தில கணிதம் படிப்பிக்கிறன். (நீங்கள் எலக்ட்ரான் எண்டுறதை நாங்கள் இலத்திரன் எண்டுவம், இயற்பியல் எங்களுக்குப் பௌதிகவியல். நிகழ்தகவு மட்டும் இரண்டு பக்கமும் நிகழ்தகவுதான். நல்ல சகுனம்.)

முதல்ல நாணயம். அதில பாதி எங்கயிருந்து வருது? "இரண்டு பக்கம், சமச்சீர், ஆகவே பாதி" எண்டு பிள்ளையள் சொல்லுவினம். 48 பேர் சேர்ந்து 350,757 தரம் சுண்டிப் பார்த்தவை. மேல எந்தப் பக்கம் இருக்கச் சுண்டினமோ அதே பக்கம் விழுறது நூற்றுக்கு 50.8. டயகோனிஸும் கூட்டாளிகளும் 2007இலயே இயக்கவியலை வைச்சு ஏறக்குறைய 51 எண்டு சொல்லியிருந்தவை. நாணயத்தில ஒரு குறையும் இல்லை. பறக்கேக்க அது ஆடுற ஆட்டம் அப்பிடி. ஆகவே அந்த எண் நாணயத்தின்ர சமச்சீரில மட்டும் இல்லை, சுண்டுற கையிலயும் பறக்கிற இயக்கத்திலயும் இருக்குது.

புவாங்கரே இதை இன்னும் வடிவாச் சொன்னவர். சிவப்பும் கறுப்பும் மாறி மாறி ஒடுங்கலாப் பூசின சில்லு ஒண்டைச் சுழட்டுங்கோ. நீங்கள் குடுக்கிற வேகம் எப்பிடிப் பரவியிருந்தாலும், அது வழுவழுப்பான பரவலா இருந்தால் போதும், சிவப்புக்குப் பாதி வந்துபோடும். எனக்கு என்ன தெரியும், உங்களுக்கு என்ன தெரியும் எண்ட வித்தியாசத்தை அந்தச் சில்லு தின்றுபோடுது. கோப்பிக்கும் இதேதான். போல்ட்ஸ்மான் 1877இல காட்டினது, ஆறின நிலைக்குரிய மூலக்கூற்று ஒழுங்குகளின்ர தொகை சூடான நிலைக்குரியதை விட நினைச்சுப் பார்க்க ஏலாத அளவு கூட எண்டது. பூதம் பக்கத்தில இருந்தாலும் கோப்பி ஆறும். ஆறும் எண்டது பூதத்துக்கு முதலே தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஆறுறதுக்குக் காரணம் அறியாமை இல்லை. அதை நாங்கள் நிகழ்தகவு எண்ட மொழியில சொல்லுறதுக்குத்தான் அறியாமை தேவைப்படுது.

#13 · குறுக்குச்சால் · செவ்வாய் இரவு 9:30

லோஷ்மிட் 1876லயே கேட்டார் சார்: எல்லா மூலக்கூறோட வேகத்தையும் திருப்பி விட்டா ஆறின காபி சூடாகுமே, இயக்க விதிகள் அதைத் தடுக்கலையே? தொகை கூடுதல்னு சொல்றீங்க. எந்த அளவுகோல்ல எண்ணின தொகை? "எல்லா ஒழுங்கையும் சமமா எண்ணணும்"னு யார் சொன்னது?

#14 · பனங்கொட்டை · செவ்வாய் இரவு 10:10

பிடிச்சுப்போட்டீர். அதுதான் முள். சமமா எண்ணுறது எண்டது தர்க்கத்தில இருந்து வாறதில்லை. அதுக்கு ஆகச் சிறந்த சாட்சி எங்கட பக்கத்திலயே இருக்குது. 1924, டாக்கா பல்கலைக்கழகம், சத்தியேந்திர நாத் போஸ்.

இரண்டு நாணயம் சுண்டினால் இரண்டும் பூ கால்வாசி, இரண்டும் தலை கால்வாசி, ஒண்டு பூ ஒண்டு தலை அரைவாசி. எந்தப் பிள்ளையும் சொல்லும். ஆனால் ஒளித்துணிக்கைகளை (ஃபோட்டான்களை) இரண்டு நிலையில வைக்கேக்க போஸின்ர எண்ணிக்கைப்படி மூண்டுக்கும் மூண்டில ஒண்டுதான். "இது பூ அது தலை", "அது பூ இது தலை" எண்டு இரண்டு தனி நிலைகளே இயற்கையில இல்லை, ஏனெண்டால் "இது", "அது" எண்டு ஆள் பிரிக்க ஏலாது. போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, அவர் தானே ஜெர்மன் மொழிக்கு மாத்தி வெளியிடுவிச்சவர். பிளாங்கின்ர வெப்பக்கதிர்வீச்சு விதி அந்த எண்ணிக்கையில இருந்துதான் நேரா வருது.

ஆகவே அறியாமை எண்டால் சமமாப் பங்கிடு எண்ட பழைய விதி இங்க கவிழுது. நான் எதை அறியேல்லை எண்டதைப் பார்த்து ஃபோட்டான் நடக்கிறதில்லை. எதை "ஒரு நிலை" எண்டு எண்ணவேணும் எண்டது உலகம் எங்களுக்குச் சொல்லித் தாற விஷயம்.

#15 · காமா கேமரா · புதன் இரவு 8:05

ரெண்டு தடவை படிச்சேன். புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். சீட்டுக்கட்டு சார் பாதியைக் கும்பல்ல வைக்கிறார், தம்பி என் தலையில வைக்கிறார். ஐயா அணுவுல வைக்கிறார்னு நினைக்கிறேன். பனங்கொட்டை சார் சுண்டற கையில வைக்கிறார். டெக்னீசியத்தைச் சுண்டற கை எது?

#16 · மேசைவிளக்கு · வியாழன் காலை 7:10

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

கார்ல் பாப்பர் 1950களில் ஒரு கருத்தை வைத்தார். நிகழ்தகவு என்பது உலகத்திலேயே உள்ள ஒரு சாய்வு. நம் மனத்தில் இல்லை, கும்பலிலும் இல்லை. ஆனால் அந்தச் சாய்வு பொருளுக்குள் தனியாக இருப்பதும் இல்லை. பொருள் இருக்கும் மொத்த ஏற்பாட்டுக்கும் உரியது. நாணயத்துக்கு என்றில்லாமல், நாணயம், கை, தரை எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு. வெகுநாள் எனக்கு இது வார்த்தை ஜாலமாகவே பட்டது. மருந்தில் ஏன் தூக்கம் வருகிறது என்றால் அதில் தூக்க சக்தி இருக்கிறது என்பதுபோல. என் மனதை மாற்றியது தத்துவம் இல்லை, மூன்று அளவீடுகள்.

நியூட்ரான் தனியாக இருந்தால் சராசரியாக 880 விநாடியில் சிதையும். உங்கள் எலும்பில் இருக்கும் கால்சியம் கருவுக்குள் அதே நியூட்ரான் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சும்மா இருக்கிறது. இது ஒன்று. ரீனியம்-187க்கு அரை ஆயுள் சுமார் 4,200 கோடி ஆண்டு. 1996இல் டார்ம்ஸ்டாட்டில் அதன் எலக்ட்ரான்களை எல்லாம் உரித்து வெறும் கருவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். 33 ஆண்டு. கரு அதேதான். சுற்றி நின்ற எலக்ட்ரான்கள் போனதும் நூறு கோடி மடங்கு மாறிவிட்டது.

மூன்றாவது உங்களுடையது, அம்மணி. 1950களின் தொடக்கத்தில் பெயின்பிரிட்ஜ், கோல்ட்ஹேபர், வில்சன் மூவரும் டெக்னீசியம்-99எம்மை இரண்டு வேதிச் சேர்மங்களில் வைத்து அளந்தார்கள். ஒன்றில் ஆக்சிஜனோடு, இன்னொன்றில் கந்தகத்தோடு. சிதைவு வீதத்தில் 0.27 சதவீதம் வேறுபாடு. அந்தக் கரு தன் ஆற்றலைக் கைமாற்றும் முதல் படி மிகச் சிறியது, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் வழியாக நடப்பது. அந்த எலக்ட்ரான்களோ வேதிப் பிணைப்பைப் பொறுத்தவை. ஆகவே ‘பாதி’ கருவுக்குள் எழுதி வைத்த எண் இல்லை. கருவும் அதைச் சூழ்ந்ததும் சேர்ந்து போட்ட எண். சுண்டும் கை கேட்டீர்களே, அந்தக் கையில் ஒரு விரல் இது.

#17 · சீட்டுக்கட்டு · வியாழன் காலை 7:31

பீடி குடிக்கிற டெக்னீசியம் கிடைச்சிருச்சு!!! #4ஐ யாராவது காமா கேமராவுக்கு எடுத்துப் போடுங்க. ஆக்சிஜனோட இருக்கிறது ஒரு கும்பல், கந்தகத்தோட இருக்கிறது இன்னொரு கும்பல். அணுவைப் பிரிக்கவே வழியில்லைன்னாங்க!

#18 · காமா கேமரா · வியாழன் மதியம் 1:40

ஒத்துக்கறேன் சார், நல்லா மாட்டிக்கிட்டேன். எங்க பாட்டிலுக்கு உள்ளயே இது நடக்குதுன்னு பதினோரு வருஷமாத் தெரியாது.

#19 · பனங்கொட்டை · வியாழன் இரவு 9:00

எல்லாரும் ஆளுக்கொரு இடத்தில வைச்சாச்சு, நான் ஒரு இடத்திலயும் வைக்காத ஆக்களின்ர பக்கத்தையும் சொல்லவேணும். எனக்குள்ள அவையின்ர சாய்வு கொஞ்சம் இருக்குது.

புரூனோ டி ஃபினெட்டி எழுதினவர்: நிகழ்தகவு எண்டு ஒண்டு இல்லை. அது நான் எவ்வளவுக்குப் பந்தயம் கட்டத் தயார் எண்டதின்ர அளவு. ஆனால் மனம்போன போக்கில கட்ட ஏலாது. கணித விதிகளை மீறிக் கட்டினால், என்ன நடந்தாலும் நான் நட்டப்படுற மாதிரி ஒருத்தன் எனக்குப் பந்தயம் வைச்சுப்போடுவான். விதி வாறது அந்தப் பயத்தில இருந்து. குவாண்டத்திலயும் இப்பிடியே கொண்டுபோற கூட்டம் இருக்குது. கேவ்ஸ், ஃபூக்ஸ், ஷாக் மூண்டு பேரும் 2002 வாக்கில தொடங்கினது. அலைச்சார்பு (குவாண்டம் கணக்கில ஒரு துணிக்கையின்ர நிலையைக் குறிக்கிற சார்பு) எண்டது உலகத்தின்ர படம் இல்லை, அதைப் பாவிக்கிறவரின்ர எதிர்பார்ப்புகளின்ர பதிவேடு. உங்கட கடைசி அணுவுக்குப் பாதி எண்டால், நீங்கள் அதில அம்பதுக்கு அம்பது கட்டுவியள் எண்டதுதான். வேற ஒண்டையும் தேடாதேங்கோ.

#20 · சீட்டுக்கட்டு · வியாழன் இரவு 9:25

வாத்தியாரே, காபோன் நாட்டுல ஓக்லோ சுரங்கம். 200 கோடி வருஷத்துக்கு முன்னாடி யுரேனியம் தானாவே அணு உலையா எரிஞ்ச இடம், 1972ல கண்டுபிடிச்சாங்க. அங்கயும் மோலி பிறந்து, டெக்னீசியமாகி, சிதைஞ்சு, ரூதீனியமா இன்னிக்கும் பாறையில கிடக்கு. அப்ப எவன் பந்தயம் கட்டினான்? பாக்டீரியாவா?

#21 · பனங்கொட்டை · வியாழன் இரவு 9:58

ஒருத்தரும் கட்டேல்லை. அப்ப நிகழ்தகவும் இருக்கேல்லை. சிதைவுகள் நடந்தது, அவ்வளவுதான். இண்டைக்கு அந்தப் பாறையை அளக்கிற நாங்கள் எங்கட எதிர்பார்ப்பை வைச்சு அதைக் கணக்கிடுறம். அவையள் தாற பதில் இதுதான். எனக்கே முழுசா இறங்கேல்லை எண்டதை ஒப்புக்கொள்ளுறன். எல்லாரும் ஒரே எண்ணுக்குப் பந்தயம் கட்டுறம், கட்டினவன் தோக்கிறான் இல்லை. ஏன் எண்டு கேட்டால் இந்தப் பக்கத்தில பதில் கொஞ்சம் மெலிவுதான்.

#22 · ஓரமா நிக்கிறேன் · வியாழன் இரவு 10:30

எல்லாமே நடக்கும், ஒரு உலகத்துல சிதையும், இன்னொண்ணுல சிதையாதுன்னு ஒரு கோஷ்டி இருக்குமே, அவங்களை யாரும் கூப்பிடலையா?

#23 · குறுக்குச்சால் · வெள்ளி அதிகாலை 12:45

எவரெட், 1957. கூப்பிடாததுக்குக் காரணம் உண்டு. ரெண்டுமே நிச்சயமா நடக்கும்னா பாதிக்கு என்ன வேலை? கிளை ரெண்டுன்னு எண்ணிப் பாதின்னா, மூணில ஒரு பங்கு வாய்ப்புள்ள சம்பவத்துக்கும் கிளை ரெண்டுதானே. டாய்ச் 1999ல, பகுத்தறிவோட பந்தயம் கட்டறவன் குவாண்டம் எண்களைத்தான் பயன்படுத்தியாகணும்னு காட்டப் பார்த்தார். பந்தயத்துக்கே திரும்பி வந்துட்டோம் பாருங்க. அதைவிட நம்ம ஊர்ச் சேதி ஒண்ணு சொல்றேன்.

அக்கா சொன்ன "வயசே ஆகாது" கறாரா உண்மை இல்ல. 1977ல மிஸ்ராவும் நம்ம சுதர்சனும் (பிறகு சென்னை கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநரா இருந்தவர்) காட்டினது: குவாண்டம் சமன்பாடு எந்த நிலையற்ற அமைப்பையும் ஆரம்பத்துல சட்டுனு சிதைய விடாது. முதல் நொடித்துணுக்குல சிதைவு வேகமே சுழியத்துல இருந்துதான் தொடங்கும். அந்தத் துணுக்குக்குள்ள திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டே இருந்தா சிதையவே சிதையாது. அணுக்கருவுக்கு அந்த நேரம் அளக்கவே முடியாத அளவு குட்டி. ஆனா 1997ல டெக்சஸ்ல ரெய்சன் குழு, குளிர்விச்ச சோடியம் அணுக்களை ஒளிப்பொறியில இருந்து தப்பவிட்டு அந்த ஆரம்பத் தயக்கத்தைப் பார்த்துட்டாங்க. அப்ப நாம "எப்பவும் அதே பாதி"ன்னு கொண்டாடினது அடிப்படை விதி இல்ல, அருமையான தோராயம். சுண்டற கையில பாக்கிறவனும் ஒரு விரல்.

#24 · மேசைவிளக்கு · வெள்ளி காலை 6:55

போம் கட்சிக்காரர் பாப்பர் கட்சிக்கு விரல் எண்ணிக் கொடுக்கிறார். காலம் மாறுகிறது.

ஒரு கடன் பாக்கி இருக்கிறது, என் பக்கத்திலும். சாய்வு உலகத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக என் நம்பிக்கை ஏன் அதே அளவு சாயவேண்டும்? உலகத்தில் பாதி இருந்தால் நானும் பாதி நம்பவேண்டும் என்பதை 1980இல் டேவிட் லூயிஸ் ஒரு தனிக் கோட்பாடாகவே எழுதி வைத்தார். அவர் அதை நிரூபிக்கவில்லை. அது இல்லாவிட்டால் நிகழ்தகவைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்று மட்டும் சொன்னார். நானும் அதை நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் அம்மணி தினமும் காலை ஏழு மணிக்கு அந்தப் பாலத்தின்மேல்தான் நடக்கிறார்.

#25 · காமா கேமரா · சனி இரவு 8:20

நடந்ததைச் சொல்லிடறேன். ட்ரெய்னியை உக்கார வெச்சு, "பாதிங்கிறது அணுவுக்குள்ள இல்ல, அணுவும் அது இருக்கிற ஏற்பாடும் சேர்ந்து, அதை நாம எதிர்பார்ப்பா மாத்திக்கிறோம்"னேன். ஓக்லோ சொன்னேன், ரீனியம் சொன்னேன். டெக்னீசியம் கதையைக் கேட்டதும் நிமிர்ந்துட்டா.

"அப்ப சும்மா ஆக்சிஜனோட சேர்ந்த பர்டெக்னெட்டேட்டா இருந்தா ஒரு பாதி, எம்டிபி கிட்ல கலந்து எலும்பு ஸ்கேனுக்குப் போனா இன்னொரு பாதியாக்கா?" இருக்கலாம், ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் இல்லைன்னேன். "கேலிப்ரேட்டர்ல?" ரெண்டுக்கும் ஒரே 6.01 மணி நேரம்தான் போட்டிருக்கு. "பேஷண்ட்டோட எலும்புக்குள்ள போய் ஒட்டிக்கிட்ட அப்புறம்?" தெரியாதுன்னேன்.

சாயங்காலம் கழிவு அலமாரியைத் திறந்தோம். பத்து அரை ஆயுள் தாண்டினதை எடுத்து, மீட்டர் வெச்சு, சுற்றுப்புற அளவுதான் காட்டுதுன்னு பார்த்து, லேபிளைக் கிழிச்சு வெளிய அனுப்பறது வழக்கம். திங்கட்கிழமையோட மிச்சக் குப்பி ஒண்ணு. முழுசா 740 இருந்திருந்தாக்கூட அறுபது மணி நேரத்துல ஆயிரத்து இருபத்து நாலுல ஒரு பங்குதான், அதாவது 2,200 கோடி அணு. இது நூறு மணி நேரத்தையே தாண்டினது. மீட்டர் ஒண்ணும் சொல்லல. நான் லேபிளைக் கிழிக்கப் போனப்ப அவ குப்பியை வாங்கித் தேதியைப் பார்த்தா.

"அக்கா, பதினோராம் நாள்னா அடுத்த வெள்ளிக்கிழமை. அது வரைக்கும் அலமாரியிலேயே இருக்கட்டுமே"ன்னா.

விட்டுட்டேன். மேல பேனாவால "வெள்ளி" எழுதியிருக்கு.